மாசியில் சோலாங்: பனிக்குறையும் நட்புநிறையும் குறித்த ஓர் ஆய்வு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்னும் மூன்று வட்டாரங்களைச் சேர்ந்த நடுவயது நண்பர்கள் ஆறு பேர், கட்டுரையாளர் உட்பட, பனிச்சறுக்கு ஆடும் நோக்கத்தோடு இமாசலப் பிரதேசத்துக்குச் செல்லுங்கால், அங்கே பனி இல்லாதிருப்பின் அவர்தம் மகிழ்ச்சி குறையுமா, கூடுமா என்பதே ஆய்வுப் பொருள். கூடும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. குறையும் என்பாரும் உளர். அவர்கள் பெரும்பாலும் உடன் வராமல், வீட்டிலிருந்தபடியே செலவுக் கணக்குக் கேட்டவர்கள்.

ஆய்வுக் காலம் ஏன் மாசி என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். மேற்கு இமயத்தில் பனி நன்றாக விழுவது டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை. காஷ்மீரத்தார் டிசம்பர் 21 தொடங்கி வரும் நாற்பது நாளுக்குச் சில்லை கலான் என்று பெயரே வைத்துவிட்டார்கள். குளிரின் உச்சம் அதுதான். அந்த நாற்பது நாளும் நமக்கு மார்கழியிலும் தையிலுமாகப் போய் விழுகிறது. மார்கழியில் மயிலாப்பூர்க்காரரை ஊரை விட்டுக் கிளப்ப முடியாது. விடிந்தால் திருப்பாவை, சாயங்காலம் கச்சேரி, இரண்டுக்கும் நடுவே சபா கேண்டீன். தையில் தி.நகர்க்காரர் அகப்பட மாட்டார். பொங்கல் முடிந்த கையோடு முகூர்த்த நாள்கள் வந்துவிடும்; ஜவுளி வியாபாரம் செய்கிறவர் அந்த நேரத்தில் கல்லாவை விட்டு நகர்ந்தால் வருஷமே போயிற்று. பங்குனியில் கபாலீசுவரர் கோயிலில் அறுபத்து மூவர், ஆகவே மயிலாப்பூர்க்காரர் மறுபடியும் இல்லை. அதே சமயத்தில் அடையாறு வீட்டில் பொதுத் தேர்வு. எல்லாக் கழித்தலும் போக மீதி நிற்பது மாசியின் முதல் பாதியில் ஒரு நீண்ட வார இறுதி. இந்த ஏற்பாட்டை இமயமலை இதுவரை கவனத்தில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனிக் களம். சோலாங் பள்ளத்தாக்கு மணாலிக்கு மேலே, கார் போகிற தூரம். உயரம் ஏறத்தாழ 2,500 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டாவின் உயரம்தான், தொட்டபெட்டா 2,637. தொட்டபெட்டாவில் பனிச்சறுக்கு ஆட முடியாது என்பதை எவரும் குறையாகச் சொல்வதில்லை. சோலாங்கில் ஆட முடியாவிட்டால் மட்டும் ஏமாந்துவிட்டோம் என்கிறார்கள். காரணம் அட்சரேகை. தொட்டபெட்டா பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி, சோலாங் 32 டிகிரி. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து சேரும் குளிர்காலப் புயல்கள்தாம் அங்கே பனியைக் கொட்டுகின்றன. வானிலைத் துறையார் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பார்கள். இடையூறு வந்தால் பனி உண்டு, வராவிட்டால் இல்லை. வடகிழக்குப் பருவத்தில் நாலைந்து தாழ்வு மண்டலங்களை நம்பி ஏரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சென்னைவாசிக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மணாலியிலிருந்து மேலே போகிற வழி நெடுக, கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு விடும் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் எண் உண்டு. எந்த எண்ணில் நிறுத்துவது என்பது டிரைவருக்குத் தெரியும். நாங்கள் இறங்கிய கடைக்காரரிடம் மயிலாப்பூர்க்காரர், தட்சிண பாரத் இந்தி பிரசார சபையில் பிராத்மிக் மட்டும் முடித்த தைரியத்தில், "ஊப்பர் பர்ஃப் ஹை?" என்று விசாரித்தார். அவர் "பஹுத் ஹை சார்" என்று சொல்லி ஆறு பேருக்கும் முழங்கால் வரை வரும் கம்பூட்டை எடுத்து வைத்தார். தி.நகர்க்காரருக்கு இந்தி தெரியாது. ஆனால் சொன்ன வாடகையைப் பாதியாக்குவதற்கு மொழி ஒரு தடையாக இருந்ததில்லை என்பது ரங்கநாதன் தெருவில் முன்பே மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று. கோட்டைத் தடவிப் பார்த்தார், தையலை விரித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். விலை இறங்கிவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்தோம். சரிவு முழுக்கப் பழுப்புப் புல். ஆங்காங்கே நிழல் விழும் இடத்தில் மட்டும் அழுக்கு வெள்ளையாகச் சில திட்டுகள்.

"என்னடா இது, பெரும்பாக்கத்துல காலி மனை பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றார் அடையாறுக்காரர். ஆய்வின் முதல் தரவு இதுவே. இந்த வாக்கியம் முடியுமுன் ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிறையப் பனி இருந்திருந்தால் "ஆகா" என்று ஒரு சொல்தான் வந்திருக்கும். அதற்கு யாரும் சிரித்ததாகச் சான்றில்லை.

முன்னோர் கருத்து யாது எனின், தொல்காப்பியத்திலேயே விடை கிடக்கிறது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். முன்பனியாவது மார்கழியும் தையும். மாசியும் பங்குனியும் பின்பனி; அதைத் தொல்காப்பியர் பாலைக்கு உரியதாக்கிவிட்டார். பாலைக்கென்று அவர் தனி நிலம் ஒதுக்கவுமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் பிற்பாடு விளக்குகிறார். ஆக, மாசி மாதத்தில் மலைக்குப் போகிறவர் அங்கே குறிஞ்சியைக் காண மாட்டார், பாலையைத்தான் காண்பார் என்பது இலக்கணம். அதைப் படிக்காமல் போய் நின்று, டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது தகாது. எங்கள் குழுவில் ஒருவர் போட்டார். அவர் எந்த வட்டாரம் என்பதை ஆய்வு நெறி கருதி வெளியிடவில்லை.

சோலாங்கின் கருப்பொருள்களையும் குறித்துக்கொள்ளலாம். உணவு: மேகி, அவித்த முட்டை. விலங்கு: படம் எடுத்துக்கொள்வதற்காக நிற்கும் யாக், மடியில் வைத்துக்கொள்ளக் கொடுக்கப்படும் அங்கோரா முயல். பறை: டாக்ஸிகளிலிருந்து வரும் பஞ்சாபிப் பாட்டு. தொழில்: கோட்டு வாடகை, பெரிய பிளாஸ்டிக் உருண்டைக்குள் மனிதரை அடைத்துச் சரிவில் உருட்டிவிடுதல். இந்த உருட்டல் பனி இல்லாத காலத்துக்கென்றே ஏற்பட்ட தொழில் போலிருக்கிறது. பனியில் சறுக்க வந்தவர்களைப் புல்லில் உருட்டி அனுப்புகிறார்கள். தி.நகர்க்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கீழே போய்ச் சேர்ந்து வெளியே வந்து, காலையில் சாப்பிட்ட ஆலு பராட்டாவை எண்ணி வருந்தினார்.

உரிப்பொருள்தான் முக்கியம். மயிலாப்பூர்க்காரரும் அடையாறுக்காரரும் தேதியை முடிவு செய்தது யார் என்பதில் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். இது ஊடல், எனவே மருதம். அடையாறுக்காரர் கைபேசியில் மூன்று வானிலை ஆப்களை மாற்றி மாற்றிப் பார்த்தபடி, மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று காத்திருந்தார். இது இருத்தல், முல்லை. கட்டிய முன்பணம் திரும்பாது என்று தெரிந்ததும் தி.நகர்க்காரர் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது இரங்கல், நெய்தல். குறிஞ்சிக்கு உரியதை நட்புக்குப் பொருந்தும்படி கூடியிருத்தல் என்று நீட்டிக்கொள்ள உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இசைய மாட்டார். ஆயினும் அதுவும் நாள் முழுக்க நடந்தது. பாலைக்குரிய பிரிதல் ஒன்றுதான் நடக்கவில்லை. நிலம் பாலை, ஆனால் பாலையின் ஒழுக்கம் மட்டும் காணோம். இந்தத் திணைமயக்கத்துக்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு ஏதும் தரவில்லை என்பதால் இக்கட்டுரை தேவைப்படுகிறது.

இலக்கணம் ஒருபுறம் இருக்க, வரலாறு இன்னும் உறுதியாகப் பேசுகிறது. உறைந்த நீரோடு சென்னைக்கு உள்ள உறவே மீந்ததை வைத்துக் கொண்டாடும் உறவுதான். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர், நியூ இங்கிலாந்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் ஐஸை அறுத்தெடுத்து, மரத்தூள் சுற்றிக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833-இல் அவருடைய ஐஸ் முதன்முதலாகக் கல்கத்தா வந்தது. டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஏற்றிக்கொண்டு கிளம்பி, நான்கு மாதம் போல் கடலில் கிடந்து, வந்து சேர்ந்தபோது இருந்தது சுமார் 100 டன். மீதியைக் கடலே குடித்துவிட்டது. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் போன 80 டன்னுக்காகத் துக்கம் காத்ததாகத் தகவல் இல்லை. இருந்த 100 டன்னைப் போட்டிபோட்டு வாங்கி மதுவில் போட்டுக்கொண்டார்கள்.

சென்னைக்கும் அதே சரக்கு வந்தது. அதை வைத்துக் காக்க 1842 வாக்கில் கடற்கரையில் கட்டிய வட்ட வடிவக் கட்டடம் இன்றும் மெரினாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஐஸை இங்கேயே இயந்திரத்தில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு கப்பல் ஐஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் வாங்கிக் குடியேறினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கேதான் வந்து தங்கினார். இன்றைக்கு அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பக்கம் போகிற ஆட்டோக்காரரிடம் "ஐஸ் ஹவுஸ்" என்றால்தான் வண்டி நகரும். ஐஸ் தீர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயரை வைத்துக் குப்பை கொட்டும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவனிடம், பனிச்சறுக்குத் தலத்தில் பனி இல்லை என்ற ஒரு காரணத்தைக் காட்டித் திரும்பிப் போகச் சொல்வது சரித்திரம் அறியாதவர் செயல்.

அறிவியலும் நம் பக்கம். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. படிகங்களுக்கு இடையே அடைபட்டுக் கிடக்கிற காற்று. ஆகவே பனி நிறைந்த சரிவில் நிற்கிறவனும் பெரும்பாலும் காற்றின்மீதுதான் நிற்கிறான். எங்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் மிச்சமிருந்த அந்த ஒரு பங்கு. பத்து சதவீதத் தள்ளுபடிக்கு முகம் சுளிக்கிற பழக்கம் பாண்டி பஜாரில் இல்லை. அற்றேல், காற்றின்மேல் சறுக்க முடியுமோ எனின், முடியாது என்க. ஆனால் எங்கள் குழுவில் ஐவருக்குப் பனியின்மேலும் முடியாது.

இதை நேரில் சோதித்தோம். சரிவின் ஓரத்தில், பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிட்ட ஒரு திட்டு இருந்தது. நம் வீட்டு மொட்டை மாடி அளவு. அங்கே ஒரு பயிற்றுநர் எங்களுக்குச் சறுக்குக் காலணியும் பலகையும் மாட்டிவிட்டார். அந்தக் காலணியில் கணுக்கால் மடங்காது. வாழ்நாள் முழுக்கச் செருப்பில் கழித்து, கோயில் வாசலில் அதையும் கழற்றிவிட்டுப் பழகிய பாதங்கள், பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டப்பட்டதும் தாம் யாருடையவை என்பதையே மறந்துவிட்டன. பலகைகளின் முனைகளைச் சேர்த்து வால்களை அகட்டினால் வண்டி நிற்கும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார். மயிலாப்பூர்க்காரர் முனைகளை அகட்டி வால்களைச் சேர்த்தார். பத்தடியில் பனி தீர்ந்து புல் வந்தது. பலகை நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. "கீழே விழுந்ததில் அடி இல்லை, பனி இருந்திருந்தால் இன்னும் தூரம் போய் விழுந்திருப்பேன்" என்று அவரே பிறகு ஆய்வுக் குறிப்பு கொடுத்தார். பனிக்குறைவின் பாதுகாப்புப் பயன் என்ற தலைப்பில் இது விரிவாக ஆராயப்பட வேண்டியது.

அடையாறுக்காரர் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே சறுக்கத் தெரியும். அமெரிக்காவில் ஆன்சைட் போயிருந்தபோது கற்றுக்கொண்டது. அன்றைக்கு அவரும் அதே மொட்டை மாடியில், அதே பத்தடிதான் போனார். ஐந்து பேரும் கை தட்டினோம். சமத்துவம் பற்றிப் பெரிய ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்க இவ்வளவு குறைந்த பனி போதும் என்று அவர்களுக்குத் தெரியாது.

படம் எடுத்தல் தனிச் சாத்திரம். திட்டின் ஓரத்தில் ஒருவர் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால், எதிரே நிற்கிறவரின் காலடியிலிருந்து அடிவானம் வரை ஒரே வெள்ளை. தலைக்கு மேலே நிஜமான பனி மலைகள் இருப்பதால், நடுவே உள்ள புல்லை மட்டும் மறைத்துவிட்டால் ஆயிற்று. குப்புறப் படுத்தவரின் கோட்டில் சேறு. அது வாடகைக் கோட்டுதானே. படம் குடும்ப வாட்ஸாப்புக்குப் போன மறு நிமிஷம் ஒரு மாமி "காதை மூடிக்கோ" என்று பதில் போட்டிருந்தார். மயிலையில் மாமா நாகேசுவரராவ் பூங்காவில் காலை நடை போகும்போது, 22 டிகிரிக்கு மஃப்ளரும் மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டுதான் போகிறார் என்பதைக் கருதினால், அந்த அறிவுரை பொருத்தமானதே.

மத்தியானம் ஒரு மணிக்கு மயிலாப்பூர்க்காரர் பையைத் திறந்தார். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஒரு குட்டி பாட்டில் நல்லெண்ணெய், நார்த்தங்காய். மேகிக் கடைக்காரரிடம் வெறும் சாதம் மட்டும் வடித்துத் தரச் சொல்லிக் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். பிறகு புளிசாதத்தை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். சறுக்கிக்கொண்டிருந்தால் யாருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்திருக்கும்? பள்ளியில் கணக்கு வாத்தியார் அடித்த கதை, யாருக்கும் தெரியாமல் முடிந்துபோன ஒரு காதல், இன்னொருவரின் பைபாஸ் அறுவை, எல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வந்தன. ஊரில் இவர்கள் மூன்று கிலோமீட்டருக்குள் வசிக்கிறார்கள். பேசுவதற்கு மூவாயிரம் கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

சென்னைக்காரனுக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எலியட்ஸ் கடற்கரையில் விடை இருக்கிறது. கடற்கரைக்குப் போகிறோம், கடலில் இறங்குவதில்லை. நீரோட்டம் பொல்லாதது, 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர் விட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அங்கேயே நின்று எச்சரிக்கிறது. ஆகவே முழங்கால் வரை பேன்ட்டை மடித்துவிட்டு, கணுக்கால் வரை நனைத்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பி, "பீச்சுக்குப் போனோம்" என்று சொல்கிறோம். டிசம்பரில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களும் "கச்சேரி கேட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். எதற்காகப் போனோமோ அதைத் தொடாமலே மனம் நிறைந்து திரும்பும் இந்தப் பயிற்சி வேறு ஊர்க்காரர்களுக்கு லேசில் வராது. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற டெல்லி குடும்பம் சரிவைப் பார்த்துவிட்டுக் கால் மணியில் காரைத் திருப்பிக்கொண்டு, 2020-இல் திறந்த அடல் சுரங்கம் வழியாக அந்தப் பக்கத்து சிஸ்ஸுவுக்கே பனி தேடிப் போய்விட்டது. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம். போகிற வழியில் எல்லாரும் ஒரே காரில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பனிக்குறைவு சோலாங்கின் தனிச் சொத்தும் அன்று. 1964-இல் இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கின்போது பனி பெய்யாமல் போய், ஆஸ்திரிய ராணுவம் மலைமேலிருந்து 40,000 கன மீட்டர் பனியைச் சுமந்து வந்து சறுக்குச் சரிவுகளில் கொட்டி மிதித்தது. மேலை நாட்டார் இதை ஒரு அதிசயமாகச் சொல்கிறார்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த ஊருக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர்கள் லாரி வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏறத்தாழ முழுக்க இயந்திரப் பனியில் நடந்தது. காஷ்மீரத்துக் குல்மர்கில் 2024 ஜனவரி பெரும்பகுதி புல்லாகவே கழிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். இங்கே ஒரு வார்த்தை, ஆய்வுக்குப் புறம்பாக. பனி இல்லாவிட்டால் நமக்குப் போவது ஒரு விடுமுறை நாள். பலகை வாடகைக்கு விடுபவருக்கும் ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும் போவது வருஷத்துச் சம்பாத்தியம். கோட்டு வாடகையைப் பாதியாகக் குறைத்த தி.நகர்க்காரர் திரும்பும்போது முழு வாடகையும் கொடுத்தார். சேறு ஆனதற்காக என்று காரணம் சொன்னார்.

ஆய்வு முழுமை பெற ஒப்பீட்டுச் சோதனை ஒன்று வேண்டும் என்பர். அதுவும் உண்டு. இன்னொரு மாசியில் இதே ஆறு பேர் குல்மர்க் போனோம். அந்த வருஷம் இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன, இடுப்பளவு பனி. அடையாறுக்காரர் விடிந்ததும் கண்டோலா ரோப் காரில் ஏறி, இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்து அஃபர்வட் வரை போய்விட்டார். சாயங்காலம் வரை ஆளைக் காணோம். தி.நகர்க்காரர் முதல் கட்டமான கோங்தூரியில் இறங்கி, அடுத்ததற்கு டிக்கெட் இல்லாமல் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர் கீழே ஓட்டல் ஹீட்டருக்குப் பக்கத்தில், புளிக்காய்ச்சல் பாட்டிலோடு தனியாக. மற்ற மூவரும் ஆளுக்கொரு ஸ்லெட்ஜில் ஆளுக்கொரு திசை. ராத்திரி கூடிய போது ஒவ்வொருவரிடமும் ஒரு வீரக் கதை இருந்தது, கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. அடையாறுக்காரர் கேமராவில் எடுத்த நாற்பது நிமிஷ வீடியோவைப் போட்டதும் ஐந்து பேரும் தூங்கப் போய்விட்டார்கள். நிலம் சுத்தமான குறிஞ்சி, நடந்ததோ பிரிதல்.

இந்த முடிவை முன்வைத்து அடுத்த மாசிக்கான திட்டம் தயாராகிறது. அடையாறுக்காரர் ஆப்பில் ஓர் எச்சரிக்கை மணி வைத்திருக்கிறார். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் பனி விழும் என்று முன்னறிவிப்பு வந்தால் உடனே எல்லாருக்கும் தகவல் போகும், பயணம் ஒரு வாரம் தள்ளிவைக்கப்படும். விமானக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய அபராதத்தை ஆறாகப் பிரிப்பதா, பெரிய வியாபாரம் பண்ணுகிற தி.நகர்க்காரர் தலையிலேயே கட்டுவதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.